லிஸ்டில் பேர் கொடுக்காதே

பொகவந்தலாவை
09.03.2025

அன்புத் தங்கை ஜீவராணிக்கு அண்ணன் சோலைமலை எழுதுவது. நானும் உன் அண்ணி காளியாயியும் சுகமாகவே இருக்கிறோம். குளிருக்கு அண்ணியின் முழங்கால் வலி வந்து போகிறது, அவ்வளவுதான். உன் மகள் சுலக்ஷனா கொட்டகலைப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போனாள். உன் சுகத்தையும், நீ அங்கே வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் அந்த மிரியம் அம்மாவின் சுகத்தையும் எழுது.

நீயும் அண்ணியும் போனில் மணிக்கணக்காகப் பேசுகிறீர்கள். முப்பத்தாறு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் இரைச்சலுக்குள் நின்றவனுக்குப் போனில் என்ன கேட்கப்போகிறது? அதனால் நான் தாளில் எழுதுகிறேன், அண்ணி போட்டோ பிடித்து அனுப்புவாள். நீயும் அப்படியே அனுப்பு. கொட்டை எழுத்தாக எழுது.

நாட்டு நடப்பைச் சொல்கிறேன். மாற்றம், மாற்றம் என்று வாக்குப் போட்ட பிள்ளைகள் இப்போது சந்தியில் நின்று விலைவாசியைத் திட்டுகிறார்கள். ஆறு மாதத்தில் மாறுவதற்கு நாடு என்ன சட்டையா? கடன் வாங்கினால் கட்ட வேண்டும், வேலைக்கு வந்தால் வேலை செய்ய வேண்டும், இதற்கு மேல் பொருளாதாரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. இதைத்தான் பத்திரிகைக்கு எழுதினேன். முக்கால்வாசியை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். வெட்டினது எல்லாம் நல்ல பகுதி.

நீ இருக்கும் நாட்டைப் பற்றியும் இங்கே ஆளுக்கு ஆள் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அடிக்க வந்தவனைத் திருப்பி அடிக்கத் தெரிந்த நாடுதான் நாடு. நீ நல்ல இடத்தில்தான் இருக்கிறாய்.

இன்னொன்று. வீட்டு உறுதிப் பத்திரம் தருகிறோம் என்று லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டு வரிசையிலும் பேர் எடுக்கிறார்கள். அடுத்த வீட்டுச் சின்னராசா முதல் ஆளாக ஓடிக் கொடுத்தான். நான் கொடுக்கவில்லை. எந்த அரசாங்கம் எந்த லிஸ்டில் பேர் கேட்டாலும் நம் குடும்பம் கொடுக்காது. அங்கேயும் யாராவது கேட்டால் கொடுத்துவிடாதே.

ஆசியுடன்,
அண்ணன்


ஹைஃபா
22.03.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்குத் தங்கை ஜீவராணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். மிரியம் அம்மாவுக்கு எண்பத்தெட்டு முடிந்துவிட்டது. காலையில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், மத்தியானம் யாரென்று கேட்கிறார். அண்ணிக்குக் காலில் தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது.

பத்திரிகையில் வந்ததை அண்ணி அனுப்பினார். வெட்டினது போகவும் காரம் குறையவில்லை.

லிஸ்ட் என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் ஒன்று வந்திருக்கிறது. நம் நாட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேரும் பாஸ்போர்ட் நம்பரும் கேட்கிறார்கள். சண்டை முற்றினால் பஸ் வைத்து எல்லை தாண்டிக் கூட்டிப்போவார்களாம். இதே தெருவில் வேலை செய்யும், நம் பக்கத்து நல்லதண்ணி ஊர்ப் பிள்ளை ஷாமிலா கொடுத்துவிட்டாள். "நீயும் குடு அக்கா, சும்மா கெடக்கட்டும்" என்றாள். அண்ணனைக் கேட்டுத்தான் என்றேன். சிரிக்கிறாள். ஐம்பத்தொரு வயதில் அண்ணனைக் கேட்கிறாளே என்று.

கொடுக்கவா?

பணிவுடன்,
ஜீவராணி


பொகவந்தலாவை
20.04.2025

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. வருடப்பிறப்பு நல்லபடியாக முடிந்தது. சுலக்ஷனா வந்திருந்தாள். அண்ணி பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கப் போய், விலையைக் கேட்டுவிட்டுப் பாதிப் போத்தலோடு திரும்பி வந்தாள். உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கொடுக்காதே.

இப்போது உலக விஷயம். அமெரிக்காக்காரன் நம் சாமான்களுக்கு நூற்றுக்கு நாற்பத்துநான்கு வரி என்றான். பிறகு மூன்று மாதம் பொறு என்றான். அதற்குள் இங்கே சிலர் ஒப்பாரி, சிலர் பாராட்டுக் கூட்டம். ஆடைத் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவன் வீட்டை அவன் பார்க்கிறான், அதில் குற்றம் சொல்ல மாட்டேன். நம் வீட்டை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. ஈரான்காரன் பழைய எண்ணெய்க் கடனுக்குத் தேயிலை எடுக்கிறான். ஈராக்காரன் எடுக்கிறான். அந்தப் பக்கம் எவன் கல்லெறிந்தாலும் கொழும்பு ஏலத்தில் நம் கொழுந்து விலை இறங்குகிறது. இதையெல்லாம் யோசிக்காமல் தேர்தல் கூட்டத்தில் நாள்சம்பளத்தை ஏற்றுகிறோம் என்று கத்துகிறார்கள்.

லிஸ்ட் விஷயம் முடிந்தது. ஷாமிலா சின்னப் பிள்ளை, கொடுக்கட்டும்.

ஆசியுடன்,
அண்ணன்


ஹைஃபா
11.05.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்கு வணக்கம். நானும் மிரியம் அம்மாவும் சுகம். சுலக்ஷனாவின் பரீட்சை முடியும்வரை அவளிடம் சண்டைச் செய்திகளைப் பேச வேண்டாம். இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. போன வாரம் விமான நிலையத்துப் பக்கம் ஒன்று விழுந்தது என்றார்கள். அது எங்களுக்குத் தூரம்.

சைரன் ஊதினால் எல்லோரும் நிலவறைக்கு இறங்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நாங்கள் நாலாம் மாடி. மிரியம் அம்மாவால் படி இறங்க முடியாது. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டில் சுவரோரமாக உட்கார்ந்துகொள்கிறோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் ஏதோ பாடுகிறார். பழகிவிட்டது.

நீங்கள் சொன்னபடியே பேர் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். லிஸ்ட் என்றாலே உங்களுக்கு ஏன் அண்ணா இவ்வளவு பயம்? சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் இலவசச் சப்பாத்துக்குப் பேர் எடுத்தபோதுகூட என் பேரை நீங்கள் வந்து வெட்டிவிட்டீர்கள். வருடம் முழுக்க வெறுங்காலோடு போனேன். காரணம் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால் எதுவானாலும் கேட்டுக்கொள்வேன்.

பணிவுடன்,
ஜீவராணி


பொகவந்தலாவை
25.05.2025

அன்புத் தங்கைக்கு. நாங்கள் சுகம். மழை பிடித்துக்கொண்டது. கொழுந்துக்கு நல்லது, அண்ணியின் காலுக்குக் கெட்டது.

உள்ளூராட்சித் தேர்தல் முடிந்தது. நான் போட்ட ஆள் தோற்றான். நான் போடுகிற ஆள் எப்போதும் தோற்பான் என்று சின்னராசா சிரிக்கிறான். இந்தியாவும் பாகிஸ்தானும் நாலு நாள் முட்டிக்கொண்டு நிறுத்திவிட்டன. அடிக்க வேண்டியதை அடித்துவிட்டுப் பேச உட்கார்ந்தார்கள், அதுதான் முறை. சமாதானம், சமாதானம் என்று முதலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எவனும் மதிக்க மாட்டான். இதையும் எழுதிப் போட்டிருக்கிறேன், வெட்டாமல் போடுகிறார்களா பார்ப்போம்.

சப்பாத்துக் கதையெல்லாம் இப்போது எதற்கு? பெரியவர்கள் ஒன்றைச் சொன்னால் காரணம் இருக்கும். காரணத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் செய்வதில்லை.

நிலவறைக்கு இறங்க முடியாத வீட்டில் உன்னை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று அண்ணி கேட்கச் சொன்னாள்.

ஆசியுடன்,
அண்ணன்


ஹைஃபா
14.06.2025

அண்ணனுக்கு. நான் நல்ல சுகம். மிரியம் அம்மாவும் சுகம். நேற்றிலிருந்து கொஞ்சம் சத்தம். செய்தியில் காட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டிவிக்காரர்கள் ஒன்றையே பத்துத் தடவை காட்டுவார்கள். எங்கள் தெருவில் ஒன்றுமில்லை, அமைதியாக இருக்கிறது.

விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். முதல் பஸ் நாளைக்குப் போகிறது. ஷாமிலா போகிறாள். அவள் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

சுலக்ஷனாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜீவராணி


பொகவந்தலாவை
16.06.2025, திங்கள்

ஜீவராணிக்கு.

இந்தக் கடிதத்தை அண்ணி பார்க்கக் கூடாது. நானே போட்டோ எடுக்கிறேன். தலைகீழாக வந்தால் போனைத் திருப்பிக்கொள்.

தெரு அமைதியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதே சனிக்கிழமை நீ அண்ணியோடு போனில் பேசினாய். எனக்குக் காது கேட்காது, அவளுக்குக் கேட்கும். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே சைரன் ஊதியதாம். "என்ன சத்தம்டி" என்று கேட்டதற்கு, "பக்கத்துல கட்டட வேல அண்ணி" என்றாயாம். பிறகு ஏதோ வெடித்து லைன் அறுந்ததாம். அவள் அழவில்லை. என் முன்னால் வந்து உட்கார்ந்து, எனக்கு விளங்கும்படி வாயை நன்றாகத் திறந்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஒங்க வாய்க்குப் பயந்துதான் அவ அங்க ஒக்காந்திருக்கா."

பேர் கொடு. உடனே கொடு. எந்த லிஸ்டானாலும் கொடு.

காரணம் கேட்டாய். சொல்கிறேன்.

நமக்கு மூத்தவள் லெட்சுமி அக்கா. அவளை உனக்குத் தெரியாது. அவள் இந்தியாவுக்குப் போனபோது நீ கைக்குழந்தை. தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனார்கள் என்றுதான் வீட்டில் உனக்குச் சொன்னது. எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ஆனால் யாரோ ஒருவர் படிவம் எழுதினால்தானே பேர் போகும்?

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது. எனக்குப் பதின்மூன்று வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் என் எழுத்துதான் திறம் என்பார்கள். அக்காவைக் கட்டிய கந்தப்பன் அத்தான் வீட்டில் ஒருவருக்கும் எழுதத் தெரியாது. பேர் பதியாவிட்டால் அரிசிக் கூப்பனை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் என்னைக் கூப்பிட்டார். பெஞ்சில் உட்காரவைத்துப் பால் தேத்தண்ணி கொடுத்தார்கள். லயத்து ஆட்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. "என்னன்னு போட்டிருக்கு தம்பி?" என்று அக்கா கேட்டாள். எனக்கு ஒரு வரிகூட விளங்கவில்லை. விளங்கவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கம். "கூப்பனுக்குத்தான்" என்றேன். எழுதினேன். லெட்சுமி என்று வளைத்து வளைத்து அழகாக எழுதினேன். அவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

அது இந்தியாவுக்குப் போக விரும்புகிறோம் என்ற விண்ணப்பம். நாலு வருடம் கழித்துக் கடதாசி வந்தது. அவள் அட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறிய அன்று நான் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. இரண்டு கடிதம் வந்தது, பிறகு இல்லை. அம்மா சாகும்வரை நான் இதைச் சொல்லவில்லை. உன் அண்ணிக்கும் தெரியாது. அன்றிலிருந்து லிஸ்ட் என்றாலே எனக்குப் பயம். அரசியல், கொள்கை என்று நான் அடித்ததெல்லாம் அந்தப் பயத்தின் மேல் போட்ட சட்டைதான்.

உன்னையும் என் பயத்துக்குப் பலி கொடுக்க மாட்டேன். பேர் கொடு தங்கச்சி. மிரியம் அம்மாவின் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டுப் புறப்படு.

அண்ணன்


பொகவந்தலாவை
19.06.2025

ஜீவராணிக்கு.

திங்கட்கிழமை அனுப்பிய கடிதத்துக்கு ஒரு கோடுதான் விழுந்திருக்கிறது. இரண்டு கோடு விழுந்தால்தான் உன் போனுக்கு வந்தது என்று அர்த்தமாம். அண்ணி கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லையாம். நான் அரை மணிக்கு ஒரு தடவை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுலக்ஷனா கேட்டதற்கு உனக்கு வேலை அதிகம் என்றோம். அவள் நம்பவில்லை. பரீட்சையை விட்டுவிட்டு வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

ஷாமிலா ஜோர்தானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அவள் வீட்டில் சொன்னார்கள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்ததாம். இதை எதற்கு என்னிடம் சொன்னார்களோ.

இன்று அட்டனுக்குப் போனேன். கம்யூனிகேஷன் கடையில் சர்மிளா என்ற பிள்ளை கம்ப்யூட்டரில் தேடி, வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காக வீட்டுக்காரர்கள் பேர் பதியும் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். எல்லாம் ஆங்கிலம். எனக்குக் காது கேட்காது என்று கைகாட்டினேன், அவள் ஒரு கொப்பியில் "பேர் போடவா அங்கிள்?" என்று எழுதிக் காட்டினாள். எனக்கு இது விளங்கவில்லை, ஒவ்வொரு வரியும் என்னவென்று தமிழில் எழுதிக் காட்டு என்றேன். பின்னால் ஐந்தாறு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும். இரண்டு தடவை எழுதச் சொல்லி வாசித்தேன். பிறகு உன் பேரைப் போட்டேன். அந்தப் பிள்ளைதான் பட்டனை அமர்த்தினாள்.

ஈரான்காரன் நம் தேயிலையைக் குடித்துவிட்டு உன் தலையில் குண்டு போடுகிறான். நீ இருக்கும் நாட்டுக்காரன் அவனுக்குப் போடுகிறான். திருப்பி அடிப்பதுதான் முறை என்று எழுதினவன் நான். இருவரும் இரண்டு நாள் சும்மா இருந்தால் போதும் என்று இப்போது சாமியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் கட்டுரை கேட்டார்கள். இல்லை என்றுவிட்டேன்.

ஒரு வரி எழுது. கையெழுத்துக்கூட வேண்டாம், ஒரு புள்ளி வை.

அண்ணன்


அம்மான், ஜோர்தான்
25.06.2025

என் அன்பு அண்ணனுக்குத் தங்கை ஜீவராணி எழுதுவது. நான் உயிரோடு, முழு உடம்போடு இருக்கிறேன். நேற்றுப் பின்னேரம் எல்லை தாண்டினோம். சண்டையை நிறுத்திவிட்டதாக இங்கே வந்துதான் கேள்விப்பட்டேன். டிக்கெட் கிடைத்தால் வருகிற வாரம் கொழும்பு. சுலக்ஷனாவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன், நன்றாகத் திட்டினாள்.

பதினைந்தாம் திகதி எங்கள் படிக்கட்டுச் சன்னல் நொறுங்கியது. என் போன் கீழே விழுந்து உடைந்தது. மிரியம் அம்மாவுக்குக் கன்னத்தில் ஒரு கீறல், வேறொன்றுமில்லை. பஸ் போய்விட்டது, ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஐந்து நாள் அவரும் நானும் படிக்கட்டிலேயே இருந்தோம். ஆறாம் நாள் அவர் மகன் வந்து கூட்டிப்போனார். போகும்போது அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், மத்தியானமாக இருந்தும்.

மகன் எனக்கு ஒரு பழைய போன் தந்தார். அதில்தான் உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்து விழுந்தன. வாசித்துவிட்டுப் பேர் கொடுக்கப் போனேன். என் பேர் ஏற்கனவே இருக்கிறது என்றார்கள். யாரோ அட்டனிலிருந்து போட்டிருக்கிறார்கள் என்றார்கள். அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அண்ணா, இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும்.

அக்கா விஷயம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். படிவத்தை நீங்கள் எழுதியதை லயமே பார்த்ததே, எப்படித் தெரியாமல் இருக்கும்? நீங்கள் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பிறகு அம்மா எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார், இதைப் பற்றி அவனிடம் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்று. சாவதற்கு ஒரு மாதம் முன்னால் என்னிடமும் வாங்கினார். மே மாதம் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டேனே, நீங்களாகச் சொல்லிப் பாரத்தை இறக்கிவைக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். நீங்கள் தேர்தலைப் பற்றி எழுதினீர்கள்.

நான் பேர் கொடுக்காதது உங்கள் வாய்க்குப் பயந்து இல்லை. அண்ணியிடம் சொல்லுங்கள். நான் ஒரு லிஸ்டில் பேர் கொடுத்து, எனக்கு ஒன்று ஆகிவிட்டால், இரண்டாவது தடவையும் உங்களால் தாங்க முடியாது என்று நினைத்தேன். கொடுக்காமலே ஏதாவது ஆனால் எப்படித் தாங்குவீர்கள் என்று யோசிக்கவில்லை. முட்டாள்தனம்தான்.

அன்று ஸ்டேஷனில் நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். அக்கா எல்லோரையும் பார்த்துவிட்டு உங்களைத் தேடியிருக்கிறார். காய்ச்சல் என்று அம்மா சொன்னாராம். ரயில் நகரும்போது அக்கா சன்னலுக்குள்ளிருந்து சொன்னதை அம்மா என்னிடம் அப்படியே சொன்னார்: "தம்பிய ஒன்னும் கேட்டுறாதீங்கம்மா. எங்களுக்கு எழுதிக் குடுக்க அவன் ஒருத்தன்தானே இருந்தான்."

பணிவுடன்,
உங்கள் தங்கச்சி ஜீவராணி


பொகவந்தலாவை
27.06.2025

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். உன் கடிதத்தை அண்ணியிடமும் சுலக்ஷனாவிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். என்னுடையதையும் கொடுத்தேன். அண்ணி எழுந்து போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

நாட்டு நடப்பு எழுத இன்றைக்கு ஒன்றுமில்லை.

நீ வந்த பிறகு நேரில் கேட்க எனக்கு வாய் வராது, அதனால் இப்போதே கேட்கிறேன். இந்தியாவிலிருந்து அக்கா அனுப்பிய அந்த இரண்டு கடிதங்களையும் நான் கடைசிவரை வாசிக்கவே இல்லை. அவை இப்போது யாரிடம் இருக்கின்றன? அக்கா எந்த ஊருக்குப் போனாள், எந்தத் தோட்டம், எந்தத் தபால் கந்தோர் என்று அம்மா உன்னிடம் ஏதாவது சொன்னாரா? உயிரோடு இருந்தால் எழுபத்துமூன்று வயது இருக்கும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டுவார்கள். தெரிந்த அளவுக்கு விலாசத்தை எழுது.

அண்ணன்
சோலைமலை